பெட்டிக்குள் முடிந்த உத்தரவாதம்

பழுது வாங்கும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நான் றேடியோ செற் திருத்தச் சொல்லித்தரப் போவதில்லை. எனக்கு அது தெரியாது. வேலையை விட்ட நாள்வரை ஒரு றேடியோவின் முதுகைக்கூட நான் கழற்றியதில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அந்தப் பக்கம் நிற்பவரின் கோபத்தை வாங்கி வைத்து ரசீது கொடுப்பதுதான் என் உத்தியோகம். சேலை கசங்காத வேலை என்று நம்பி வீட்டில் அனுப்பிவைத்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீசும், தேவாலயத்தில் பாடிப் பழகிய தொண்டையும் என் தகுதிகள். இரண்டிலும் தொண்டைதான் கூடுதலாக உதவியது.

உங்களுக்கு இப்போது "வாடிக்கையாளர் பராமரிப்பு" என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. என்னைச் சனம் "கொம்பிளைன்ற் மிஸ்" என்றது. பெயர் மாறியிருக்கிறதே தவிர, அந்தப் பக்கம் நிற்பவரின் முகம் மாறவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்குத் தொழில் பழக்கியவர் எங்கள் மனேச்சர். கொழும்பில் பெரிய ஸ்தாபனமொன்றில் இருந்துவிட்டு யாழ்ப்பாணக் கிளைக்கு வந்தவர். சித்திரை வெயிலிலும் கழுத்துப்பட்டியைக் கழற்றாதவர். முதல் நாளே உத்தரவாத அட்டையைப் பற்றிச் சொன்னார்: "மிஸ், முதலிலை கரன்ரி காட்டைப் பாருங்கோ. பிறகு ஆளின்ரை முகத்தைப் பாருங்கோ. காட் முடிஞ்சிருந்தால் முகத்தைப் பாக்கத் தேவையில்லை." கண்பார்வையை மிச்சப்படுத்த இதைவிட நல்ல வழி எந்தக் கண் வைத்தியரும் சொல்லமாட்டார். இரண்டாவது பாடம் இன்னும் உயர்ந்தது. "பழுது எங்கடை எண்டு மட்டும் வாயாலை வரக்கூடாது. வருந்தலாம். எவ்வளவும் வருந்தலாம். அதுக்குச் செலவில்லை."

நானும் வருந்தினேன். காலையில் கடை திறந்தால் பூட்டும்வரை வருந்தினேன். ஒருமுறை புத்தூரிலிருந்து ஒரு கமக்காரர் வந்தார். வெங்காயம் விற்று வாங்கிய றேடியோ, உத்தரவாதம் முடிந்த கையோடு வாயை மூடிவிட்டது. நான் அட்டையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை, மிகவும் வருந்துகிறோம் என்றேன். மனுசன் றேடியோவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பிள்ளை, உங்கடை வருத்தத்தை இதிலை எந்தப் பக்கத்தாலை போட்டால் பாடும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருந்தும்போது சிரிக்கக் கூடாது என்று மனேச்சர் அன்றைக்கு மூன்றாவது பாடத்தையும் சேர்த்தார்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து, யப்பான் சாமான்கள் வந்து குவியத் தொடங்கிய காலம். ஒரு றேடியோவுக்கு ஆலாய்ப் பறந்த சனத்துக்கு முன்னால் றேடியோவும் கசெற் போட்டுக் கேட்கும் ரேப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த செற்றைக் கொண்டுவந்து அடுக்கினோம். எங்கள் மனேச்சருக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. செற் வாங்கும் ஒவ்வொருவருக்கும் பற்றறி இலவசம். அதையும் சும்மா கையில் கொடுப்பதில்லை. தானே செற்றுக்குள் போட்டு, ஒரு நாதஸ்வரக் கசெற்றைப் பாடவைத்துக் காட்டி, பற்றறியோடு அப்படியே பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சுற்றி றிபனும் கட்டிக் கொடுப்பார். பற்றறியில் "அன்பளிப்பு" என்று கடையின் ஒட்டுத்தாளும் இருக்கும். "வீட்டை கொண்டுபோய்த் திறந்த உடனை பாடவேணும் மிஸ். அதுதான் வியாபாரம்."

நல்ல யோசனைதான். எங்கள் சனம் வீட்டுக்குப் போனவுடன் பெட்டியைத் திறக்கும் சனமாக இருந்திருந்தால்.

உங்களில் கலியாணமானவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெண்பிள்ளை உள்ள வீட்டில் நல்ல சாமான் ஒன்று வாங்கினால் அது பாவிக்க அல்ல, கொடுக்க. அலுமாரிக்குள் போய்விடும். மாப்பிள்ளை வரும்வரை அதற்கு வெளிச்சம் கிடையாது. புழங்கிய சாமானைச் சீதனத்தில் வைத்தார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே. பெண்ணையும் செற்றையும் ஒரே மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, செற்றுக்கு மட்டும் உத்தரவாத அட்டை வாங்கினோம்.

மயிலிட்டியில் ஒரு சம்மாட்டியார் இருந்தார். சொந்த வள்ளமும் ஆட்களும் வைத்துக் கடற்றொழில் செய்தவர். கடலில் உரத்துக் கதைத்துப் பழகியவர். எங்கள் கடைக்கு வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். முதல் தொகுதி செற்றுகள் வந்திறங்கியபோதே மகளுக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டு போனார். மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்தும் முடியவில்லை. சாதகம் பொருந்தினால் குடும்பம் பொருந்தவில்லை, குடும்பம் பொருந்தினால் சாதகம் பொருந்தவில்லை. செற் பூச்சி உருண்டைகளோடு அலுமாரியில் குடியிருந்தது. அயலட்டம் வந்து ஒரு பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டும் மனுசன் றிபனை அவிழ்க்கவில்லை.

கடைசியில் பருத்தித்துறைப் பக்கத்தில் சம்பந்தம் பொருந்தியது. கலியாணமும் ஒப்பேறியது. அதற்கு மறுநாள் மாப்பிள்ளையின் தமையன், கொழும்பில் ஏதோ கந்தோரில் வேலை பார்ப்பவர், சபைக்கு முன்னால் றிபனை அவிழ்த்து செற்றைத் திருகினார். செற் மூச்சு விடவில்லை. மின்சாரத்தில் கொழுவியும் பார்த்தார்கள். அதற்கும் இல்லை.

அடுத்த நாள் சம்மாட்டியார் பெட்டியோடு எங்கள் மேசைக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் மகள். மருதோண்டிச் சிவப்பு மங்காத கை. புதுப்பெண் கலியாணமான கையோடு பட்டினத்துக் கடைக்கு வருவது வழக்கமில்லை. அவள் வந்திருந்தாள் என்றால் காரியம் செற்றைவிடப் பெரியது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் அட்டையைப் பார்த்தேன்.

மனேச்சர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார். "ஐயா, கரன்ரி முடிஞ்சு போச்சே."

"முடிஞ்சது எனக்கும் தெரியும் தம்பி," என்றார் சம்மாட்டியார். "ஆனா இது இன்னும் தொடங்கவேயில்லை."

எங்கள் மெக்கானிக் அண்ணை செற்றின் பின்பக்கத்தைத் திறந்தார். நல்ல மனுசன், சண்டை என்றால் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதாக நினைவு வரும் அவருக்கு. உள்ளே எங்கள் அன்பளிப்புப் பற்றறிகள் கசிந்து, உருகி, பச்சை பிடித்துக் கிடந்தன. கசிந்த நீர் உள்ளே இறங்கித் தகட்டையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. ஒட்டுத்தாள் மட்டும் பத்திரமாக இருந்தது. "அன்பளிப்பு" என்பதை ஆறுதலாக வாசிக்கலாம்.

மனேச்சர் கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டார். "பற்றறி கசிஞ்சால் அது கரன்ரிக்குள்ளை வராது ஐயா. கரன்ரி இருந்திருந்தாலும் வராது. கனநாள் பாவிக்காட்டில் பற்றறியைக் கழட்டி வைக்கச் சொல்லிப் புத்தகத்திலை எழுதியிருக்கு." பெட்டிக்குள் கையை விட்டு, பொலித்தீன் உறை பிரிக்காத அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். "வாசிச்சிருக்கலாமே."

"எனக்கு இங்கிலீசு ஓடாது," என்றார் சம்மாட்டியார்.

மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனா பற்றறியைக் கழட்டி வையுங்கோ எண்டு எழுதின புத்தகத்தை நீங்கள் பெட்டிக்குள்ளை வைச்செல்லோ பூட்டித் தந்தனீங்கள்."

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தத் தலைமைக் கந்தோரிலும் பதில் இருந்திருக்காது. எங்கள் மனேச்சரிடம் இருந்தது.

"மிகவும் வருந்துகிறோம்," என்றார்.

சம்மாட்டியார் சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்து மெக்கானிக் அண்ணை ஏற்கெனவே பின்கதவுக்குப் போய்விட்டார். சம்மாட்டியார் பிடிக்கவில்லை. "தம்பி, செற் திருந்தாட்டிலும் பரவாயில்லை. நாளைக்குக் கலியாணத்து நாலாம் சடங்கு. மாப்பிளை வீட்டார் எல்லாரும் வருவினம். ஆரும் ஒராள் வந்து, இது உங்களிட்டைப் புதுசா வாங்கினது, நாங்கள் பாவிக்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்."

"பில் இருக்குத்தானே ஐயா. அதைக் காட்டுங்கோ."

"காட்டினனான். பில் புதுசின்ரை, பெட்டிக்குள்ளை இருக்கிறது பழசு எண்டு சொல்லீனம்."

"நாங்கள் வந்து சொன்னால் பழுது எங்கடை எண்டு ஆகிப்போயிடும்," என்று மனேச்சர் தன் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்.

நான் ரசீது எழுதுகிற சாட்டில் அந்தப் பிள்ளையிடம் மெல்ல விசாரித்தேன். அவள் தகப்பனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "ரேப்பே இப்பிடியெண்டால் நகை எப்பிடியோ எண்டு கேக்கினம் அக்கா. நாலாம் சடங்கண்டைக்கு அத்தான்ரை தமையன் நகை செய்யிற பத்தரைக் கூட்டிக்கொண்டு வரப்போறாராம். எல்லாரும் இருக்க என்ரை நகையைக் கழட்டி உரைச்சுப் பாக்கிறதாம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சால் அந்தாள் தாங்காது." அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஒரு மனுசன் மானம் மரியாதையாகக் கடலில் உழைத்து வாங்கிய சாமானுக்குள் நாங்கள் நஞ்சைப் போட்டு றிபன் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இப்போது அவருடைய மகளின் கழுத்தில் கை வைக்கப் போகிறார்கள். நாங்கள் அட்டையில் திகதி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளே, சட்டம் படித்தவர்கள் இதை எப்படிச் சொல்வார்களோ தெரியாது. எனக்கு அன்றைக்கு விளங்கியது இதுதான். பழுது தெரியவந்த நாள் வேறு, பழுது பிறந்த நாள் வேறு. அட்டையில் போட்டிருக்கும் திகதி நாங்கள் எவ்வளவு காலம் கேள்வி கேட்காமல் திருத்தித் தருவோம் என்பதற்கு மட்டும்தான். எங்கள் கையால் உள்ளே வைத்த பழுது எந்தத் திகதியோடும் எங்களை விட்டுப் போகாது. இதை நான் மனேச்சரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மிஸ், கடையின்ரை சார்பிலை நீங்கள் அங்கை போனால், திரும்பி இங்கை வரத் தேவையில்லை."

"கடையின்ரை சார்பிலை போகேல்லை சேர். பற்றறியின்ரை சார்பிலை போறன்."

சொல்லிவிட்டேனே தவிர, யோசனை பிறகுதான் வந்தது. என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. துணைக்கு வரச்சொல்லி மெக்கானிக் அண்ணையைக் கூப்பிட்டேன். தனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார். பிறகு, அந்தப் பற்றறிகளை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு மூடி, பேசாமல் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு தைரியம்தான் அவரிடம் கையிருப்பில் இருந்தது. முழுவதையும் தந்துவிட்டார், குறை சொல்ல முடியாது.

நாலாம் சடங்கன்று மயிலிட்டிக்குப் பஸ் ஏறினேன். வீட்டு வாசலிலேயே நண்டுக்கறி மணந்தது. பந்தலுக்குள் மாப்பிள்ளை வீட்டார் கதிரைகளில் நிறைந்திருந்தார்கள். பத்தர் உரைகல்லை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாடு முதலா வேலை முதலா என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். தமையனார் நடுவில். சம்மாட்டியாருக்கு விசயம் அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலில் எத்தனை காற்றைக் கண்ட மனுசன்.

மாப்பிள்ளையும் இருந்தார். கலியாணப் பேச்சுத் தொடங்கியதிலிருந்து அவர் வாய் திறந்ததை யாரும் காணவில்லையாம். அந்தக் கலியாணத்தில் பாடாத சாமான்கள் இரண்டு.

நான் யார், எந்தக் கடை என்று சொன்னேன். பிஸ்கட் ரின்னைத் திறந்து மேசையில் வைத்தேன். "இந்தப் பற்றறியள் நாங்கள் போட்டது. எங்கடை கடை ஒட்டு இருக்கு, பாருங்கோ. சம்மாட்டியார் பெட்டியைத் திறக்கவேயில்லை. திறந்து பாவிச்சிருந்தால் இது கசிஞ்சிராது. மகளுக்கெண்டு புதுசாய் வைச்சிருந்தபடியால்தான் பழுதாப் போச்சு. பழுது எங்கடை. உவையின்ரை இல்லை."

கடையில் கடைசிவரை வாயால் வரக்கூடாது என்றிருந்த சொல். வெளியில் வந்ததும் அவ்வளவு பெரிய சொல்லாகத் தெரியவில்லை.

தமையனார் கதிரையில் சாய்ந்தார். "மிஸ், உதைச் சொல்லச் சொல்லி உங்களுக்கு எவ்வளவு தந்தவை?"

"ஐயா, பொய் சொல்ல வந்திருந்தால் எங்கடை செற் திறமான செற் எண்டெல்லோ சொல்லுவன். பிழை எங்கடை எண்டு சொல்ல எந்தக் கடைக்காரி பஸ் ஏறி வருவாள்?"

பின்வரிசையில் ஒரு கிழவி சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். சனம் ரின்னைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தது. தமையனார் பத்தரைப் பார்த்து, வந்ததுக்கு நகையையும் ஒருக்கா உரைச்சு விடுங்கோ என்றார். அப்போதுதான் மாப்பிள்ளை எழும்பினார்.

"காணும் அண்ணை," என்றார். உரத்துச் சொல்லவில்லை. "அவளின்ரை கழுத்திலை இருக்கிற தாலி நான் கட்டினது. அதையும் உரைக்கப் போறியளோ?"

பத்தர் உரைகல்லை மடியில் முடிந்துகொண்டு, அப்ப சாப்பாட்டுக்கு எங்கை இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் வாழையிலை போட்டார்கள். நண்டுக்கறி எப்படி என்று கேட்காதீர்கள், பயத்தில் எனக்கு உறைப்பே தெரியவில்லை.

அடுத்த நாள், மேசை லாச்சியில் இருந்த என் சாமான்களை ஒரு பையில் கட்டி வைத்துக்கொண்டு மனேச்சருக்காகக் காத்திருந்தேன். அவர் வருவதற்கு முன்பே பந்தலில் இருந்தவர்களில் இருவர் கடைக்கு வந்துவிட்டார்கள். "பழுதை ஒத்துக்கொள்ளுற கடை இதுதானோ?" என்று விசாரித்து ஆளுக்கொரு செற்றுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். மனேச்சர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வந்து, "மிஸ், நான் உங்களை அனுப்பினது நல்லதாப் போச்சு," என்றார். என்னை அனுப்பியது அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. அந்தக் கிழமையே கடை வாசலில் பலகை ஒன்று தொங்கியது: தவறை ஒப்புக்கொள்ளும் தரமான ஸ்தாபனம். கொழும்பிலிருந்து அவருக்குப் பாராட்டும் வந்ததாகக் கேள்வி. மயிலிட்டிச் செற்றை இலவசமாகத் திருத்திக் கொடுக்க நான் இங்கிலீசில் எழுதிய கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், எழுத்துப்பிழை பார்க்காமலே. அன்றிலிருந்து பற்றறியைத் தனியாகத்தான் கொடுத்தோம். ஏற்கெனவே அலுமாரிகளுக்குள் போய்விட்ட பெட்டிகளைத் திறந்து பற்றறியை எடுக்கச் சொல்லி ஊர் ஊராக ஆள் அனுப்பினோம். நல்லூரில் ஒரு தாய், நல்ல நாள் பார்த்துவிட்டுத் திறக்கிறேன் என்று கதவைச் சாத்திவிட்டாள். அதற்கு மேல் எந்த மனேச்சராலும் என்ன செய்ய முடியும்?

செற் கொழும்பில் கிடந்து, உள்ளே புதுத் தகடு மாற்றி வந்து சேர நெடுநாள் எடுத்தது. வந்துவிட்டது என்று மயிலிட்டிக்குச் சொல்லி அனுப்பினேன். முதலில் வந்து நின்றவர், லீவில் ஊருக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் தமையனார்.

"எங்கடை ரேப் வந்திட்டுதாம். எடுத்துக்கொண்டு போக வந்தனான்."

"உங்கடையோ? அண்டைக்கு அது உவையின்ரை பழசு எண்டெல்லோ சொன்னனீங்கள். பழசுக்குச் சொந்தக்காரர் வரட்டும் ஐயா. மிகவும் வருந்துகிறோம்."

என் உத்தியோக காலத்தில் நான் மனதார வருந்தாமல், மனதாரச் சொன்ன வருத்தம் அது ஒன்றுதான்.

பிறகு சம்மாட்டியாரும் மகளும் வந்தார்கள். மருமகன் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் அண்ணை செற்றைப் போட்டுக் காட்டினார். நல்ல கணீரென்று பாடியது. நான் ரசீதை நீட்டி, இனி வீட்டில் சந்தோசமாகப் பாட்டுக் கேளுங்கோ என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். கதையை நல்லபடியாக முடித்துவிட்ட பெருமை எனக்கு.

அவள் செற்றின் வாயை மூடினாள்.

"இது எங்கடை வீட்டுக்கு வராது அக்கா. அப்பா கொண்டுபோகட்டும். வள்ளத்திலை வைச்சுக் காலநிலை கேக்கட்டும்."

"பிள்ளை, இது உன்ரை சீதனச் சாமானடி," என்றார் சம்மாட்டியார்.

"நீங்கள் சொல்ல நம்பாத ஆக்கள், கடைக்கார அக்கா வந்து சொல்லத்தானே அப்பா நம்பினவை. இனிச் சீதனத்திலை ஒரு சாமான் குறையுது எண்டு சொல்லிக்கொண்டு திரியட்டும். இந்த முறை எண்டாலும் உண்மையைச் சொல்லுவினம்."

சம்மாட்டியார் என்னைப் பார்த்தார், நான் ரசீதைப் பார்த்தேன். வாசலில் நின்ற மருமகன் உள்ளே வந்து பெட்டியைத் தூக்கினார். தன் சைக்கிளைத் தாண்டிப் போய், மாமனாரின் சைக்கிள் கரியரில் அதை வைத்து, கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினார்.